பதின்ம வயதில் கர்ப்பம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கர்ப்பிணிப் பெண்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்கிறேன். அம்மாக்கள், ஆசிரியர்கள், சில நேரம் அந்தப் பெண்களே கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் கடைசிக் கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

பதின்ம வயதுக் கர்ப்பம் என்று எந்த வயதைச் சொல்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. கணக்கெடுப்புகள் பெரும்பாலும் 15 முதல் 19 வரை எடுத்துக்கொள்கின்றன. நம் சட்டம் 18-ல் கோடு போடுகிறது. பதினேழரை வயதில் கர்ப்பமானால் அது வழக்கு. 18 முடிந்து ஒரு மாதத்தில் கர்ப்பமானால் வளைகாப்பு. பெண்ணின் உடலுக்கும் படிப்புக்கும் இந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் இரண்டு பேரைப் பற்றியும் இங்கே பேசுகிறேன்.

தமிழ்நாடு படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் இருக்கிற மாநிலம். இங்கே இன்னுமா இது நடக்கிறது?

நடக்கிறது. 2019–21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் அப்போதே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். 2015–16-ல் இது 5 சதவீதம். இதே காலத்தில் நாடு முழுக்க 7.9-லிருந்து 6.8-ஆகக் குறைந்தது, இங்கே ஏறியிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2.4 சதவீதம்தான்.

இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 20–24 வயதுப் பெண்களில் 18-க்கு முன்பே கல்யாணமானவர்கள் இந்திய அளவில் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. குழந்தைத் திருமணத்தில் நாம் தேசிய சராசரியில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் பதின்ம வயதுக் கர்ப்பத்தில் சராசரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம். ஏன்?

பிறந்தநாள் முடிந்த கையோடு கல்யாணம் நடக்கிறது. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்தே "என்னம்மா, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று தெருவே கேட்க ஆரம்பிக்கிறது. முதல் குழந்தையைத் தள்ளிப்போடுவது என்ற பேச்சே பல வீடுகளில் கிடையாது. நம் மாநிலத்தில் கருத்தடை என்றாலே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான். கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைச் செய்துகொண்டவர்கள். தள்ளிப்போடுவதற்கான ஊசியும் மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் 18 வயதுப் புதுப்பெண் தனியாக வந்து அதைக் கேட்டு நான் பார்த்தது மிகக் குறைவு. மாமியார் கூட வராமல் அவள் வெளியே வருவதே அரிது.

எந்த வீட்டுப் பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது?

அதே கணக்கெடுப்பு இந்திய அளவில் சொல்வது: பள்ளிக்கே போகாத 15–19 வயதுப் பெண்களில் 18 சதவீதம் பேர் தாயானவர்கள் அல்லது கர்ப்பமானவர்கள். 12 வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களில் 4 சதவீதம். மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களில் 10 சதவீதம், மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கில் 2 சதவீதம். கிராமத்தில் நகரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஒரே நாடு, ஒரே வயது, ஒரே உடல். பிறந்த வீட்டை வைத்து ஐந்து மடங்கு வித்தியாசம். இந்தப் பெண்களின் நடத்தையைப் பற்றிப் பேச வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நடத்தைதான் காரணம் என்றால் அது சம்பளத்தைப் பார்த்து வருமா?

அப்படியென்றால் வறுமைதான் காரணமா? எங்கள் பக்கம் சொந்தத்தில் சீக்கிரம் முடிப்பது வழக்கம் என்கிறார்களே?

வழக்கம் என்று சொல்லப்படுவதைக் கிட்டப்போய்ப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு வீட்டுக் கணக்கு தெரியும்.

முதல் கணக்கு பவுன். பெண்ணுக்கு வயது ஏற ஏறச் சீரும் நகையும் ஏறும். பத்தாவதோடு நிற்கிற பெண்ணை மாமன் மகனுக்குக் கொடுத்தால் "நமக்குள்ளதானே" என்று குறைத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் கால்வாசிக்கு மேல் சொந்தத்துக்குள் நடப்பவை, நாட்டிலேயே இதுதான் அதிகம். மாமன் என்கிறபோது வயது வித்தியாசத்தைக்கூட யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, வேலைக்காக ஊரைவிட்டுப் போவது. மலையடிவாரத்து ஊர்களில் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ பெங்களூருக் கட்டட வேலைக்கோ மாதக்கணக்கில் போய்விடுகிறார்கள். பையனைப் பாட்டியிடம் விடுவார்கள். வயதுக்கு வந்த பெண்ணை எங்கே விடுவது? கூட்டிக்கொண்டு போனால் அங்கே கதவில்லாத கொட்டகை; விட்டுவிட்டுப் போனால் இங்கே காவலுக்கு ஆள் இல்லை. "ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி" என்று ஒரு அம்மா சொல்லும்போது அந்த வார்த்தையில் கொடுமை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை, பயம்தான் இருக்கும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் "குழந்தைத் திருமணம் குற்றம்" என்று சுவரில் எழுதிவைத்தால் மட்டும் போதாது.

மூன்றாவது, பள்ளிக்கூடத்தின் தூரம். எட்டாவது வரை ஊரிலேயே இருக்கும். பத்தாவதுக்கு அடுத்த ஊர். மேல்நிலைப் பள்ளிக்குக் காட்டுப் பாதையில் நடந்து, அப்புறம் பேருந்து. காலை வண்டி தவறினால் அன்றைக்குப் பள்ளி இல்லை. சாயங்கால வண்டி தவறினால் இருட்டிவிடும். இரண்டு முறை இருட்டிய பிறகு வந்தால் மூன்றாவது நாள் அப்பா "போதும்" என்பார். படிப்பு நின்ற ஆறு மாதத்துக்குள் வரன் வந்துவிடும். பல வீடுகளில் முதலில் படிப்புத்தான் நிற்கிறது, கல்யாணம் அதற்குப் பின்னால் வருகிறது. "கல்யாணத்துக்காகப் படிப்பை நிறுத்தினார்கள்" என்று எழுதும்போது இந்த வரிசை மறைந்துபோகிறது.

2025 மார்ச்சில் கிருஷ்ணகிரி மாவட்ட மலைக்கிராமம் ஒன்றில், கட்டாயமாகக் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி, புகுந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டாள். கதறக் கதற அவளைத் தூக்கிக்கொண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்தோம். கைது நடந்தது, சரி. அவளும் படிப்பு நின்றுபோய் வீட்டில் இருந்த பெண்தான் என்பது பலருக்கு நினைவில் இல்லை.

நான்காவது, சாதி. பெண் வேறு சாதிப் பையனோடு பேசுகிறாள் என்று காதில் விழுந்தால் பதினைந்து நாளில் கல்யாணத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பயத்திலேயே அவளும் அவனும் முன்னதாக ஊரைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. இரண்டு வழியும் ஒரே வருடத்துக்குள் பிரசவ வார்டில் வந்து முடிகின்றன.

2020–21-ல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. கூலி இல்லை, பள்ளி இல்லை, மண்டபச் செலவும் இல்லை. பத்துப் பேரோடு கோவிலில் தாலி கட்டிவிடலாம். அப்போது நின்ற பிள்ளைகள் பலர் திரும்பப் பள்ளிக்கு வரவேயில்லை.

செல்போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

போன் வருவதற்கு முன்னால் நம் பாட்டிகள் எத்தனை வயதில் முதல் பிள்ளை பெற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். செல்போனால் அறிமுகம் எளிதாகியிருக்கிறது, ஏமாற்றுகிறவர்களுக்கும் வசதியாகியிருக்கிறது, உண்மைதான். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளையின் கையிலும் அதே போன் இருக்கிறது. போனைப் பிடுங்கி வைத்தால், அவளுக்கு ஏதாவது ஆகும்போது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடும் வழியையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும்.

வசதியான வீட்டுப் பெண்களுக்கு இப்படி நடப்பதே இல்லையா?

நடக்கிறது. வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பெண்களை வைத்துப் பாருங்கள், இரண்டு பேருக்கும் பதினேழு வயது, இரண்டு பேருக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. நகரத்தில் இருப்பவளுக்கு அறை இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, மருந்துக்கடையில் டெஸ்ட் கிட் வாங்க யாரையும் கேட்க வேண்டாத கைக்காசு இருக்கிறது. ஐந்தாறு வாரத்திலேயே தெரிந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்த டாக்டரம்மா இருப்பார். ஒரு வாரம் "டைபாய்டு" என்று லீவ் போட்டுவிட்டு அவள் பிளஸ் டூ பரீட்சை எழுதப் போவாள்.

மலையடிவாரத்துப் பெண்ணுக்கு இரத்தசோகையில் ஏற்கெனவே மாதவிலக்கு முன்னே பின்னே வரும். அதனால் இரண்டு மாதம் வராததை அவளே பொருட்படுத்தமாட்டாள். அம்மா சூளையில். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் வயிறு தெரிந்து பாட்டிதான் முதலில் கேட்பார். அப்புறம் நாட்டு மருந்து, பப்பாளி, எள்ளு என்று ஒரு மாதம் போகும். அரசு ஆஸ்பத்திரிக்கு வரும்போது ஆறு மாதம். அங்கே வயதைப் பதிவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ஊருக்கே தெரியும். படிப்பு போகும், அந்தப் பையன் சிறைக்குப் போவான், அப்பா கடன் வாங்குவார்.

ஏற்றத்தாழ்வு இரண்டு தடவை வேலை செய்கிறது. கர்ப்பம் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுவது முதல் தடவை. வந்த பிறகு அதற்கான விலையை ஏழைப் பெண்ணிடம் மட்டும் முழுதாக வசூலிப்பது இரண்டாவது தடவை. முதலாவதைப் பற்றிக் கொஞ்சமாவது பேசுகிறோம், இரண்டாவதைப் பற்றிப் பேசுவதேயில்லை. நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

உடலுக்கு என்ன ஆபத்து?

இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது, குறைமாதப் பிரசவம், இரண்டரை கிலோவுக்குக் குறைவான குழந்தை, பிரசவத்துக்குப் பிறகு கிருமித்தொற்று ஆகியவை 20 வயதைத் தாண்டிய தாய்களைவிட இவர்களுக்கு அதிகம் வருகின்றன. 15 வயதுக்குக் கீழே என்றால் இடுப்பெலும்பே வளர்ந்து முடிந்திருக்காது. ஆபத்து பல மடங்கு.

ஆனால் 17, 18 வயதில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு வயது மட்டும் பொறுப்பில்லை. இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். வளரும் உடலுக்கே இரத்தம் பற்றாதபோது வயிற்றில் இன்னொரு உயிர். அதோடு, பயந்து தாமதமாக வருவதால் ஆரம்ப மாதங்களின் பரிசோதனைகள் தவறிவிடுகின்றன. மூன்றாவது மாதத்திலேயே வந்து, மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காகக் கிடைத்த 18 வயதுப் பெண்கள் நல்லபடியாகப் பெற்று வீடு போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே கர்ப்பமாகிவிட்ட பெண்ணிடம் "உனக்கு ஆபத்து" என்று பயமுறுத்திக்கொண்டே இருக்காதீர்கள். சீக்கிரம் கூட்டி வாருங்கள்.

மனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரசவமான பிறகு பேசாமல், சாப்பிடாமல், குழந்தையைத் தூக்காமல் இருந்தால் அதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 18 முடியாத பெண் என்றால், ஆமாம், தகவல் போகும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, அப்படி ஒரு குற்றம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் டாக்டருக்கும் நர்ஸுக்கும் தண்டனை உண்டு. கல்யாணமான பெண் என்றாலும் விதிவிலக்கு இல்லை. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 18-க்குக் கீழ் உள்ள மனைவியோடு கணவன் உறவு கொண்டாலும் அது வன்புணர்ச்சியே என்று தீர்ப்பளித்துவிட்டது.

இந்தச் சட்டம் வந்தது பிள்ளைகளைக் காப்பாற்ற. உறவுக்காரனால், பக்கத்து வீட்டுக்காரனால் சீரழிக்கப்பட்ட எத்தனையோ சிறுமிகளுக்கு இதுதான் கை கொடுத்தது. அதை யாரும் மறந்துவிடக் கூடாது. ஆனால் கட்டாயத் தகவலுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே வராமல் இருக்கிற பெண்களையும் நாங்கள் பார்க்கிறோம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். வரிசையில் ஒரு பெண், புடவை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. "வயசு என்னம்மா?" என்று நர்ஸம்மா கேட்டால் மாமியார் முந்திக்கொண்டு "பத்தொம்பது" என்றார். ஆதாரைக் கேட்டால் வீட்டில் இருக்கிறது என்றார். பள்ளி டி.சி.யைக் கேட்டால் பள்ளிக்கே போகவில்லை என்றார். பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) போடுவதற்காகக் கையெழுத்து வாங்கியபோது, அந்தப் பெண் அழகான சாய்வெழுத்தில், அப்பாவின் முதலெழுத்தோடு, ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதினாள். பள்ளியில் பழகிய கை. நர்ஸம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வீடு தேடிப் போனபோது பூட்டியிருந்தது. ஆந்திரா பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

தகவல் போய்விடுமே என்று பயந்து பரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள். வழக்கு ஒரு பக்கம் நடக்கும். சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது. புகார் எழுதினால்தான் அட்மிட் செய்வோம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது.

இருவரும் விரும்பித்தான் பழகினார்கள். அப்போதும் குற்றமா?

சட்டப்படி குற்றம். 18-க்குக் கீழ் இருக்கிற பெண்ணின் சம்மதம் சம்மதமாகாது. கர்ப்பமாகிவிட்டால் குற்றம் இன்னும் கடுமையான பிரிவுக்குப் போய்விடுகிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு. பையனுக்கு 19 வயது, பெண்ணுக்குப் பதினேழரை என்றாலும் நீதிபதி அதற்குக் கீழே குறைக்க முடியாது.

சென்னை உயர் நீதிமன்றம் 2019-லும் 2021-லும் இப்படிப்பட்ட வழக்குகளில் சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசிக்கச் சொன்னது. 2023-ல் சட்ட ஆணையம், சம்மதத்துக்கான வயதைக் குறைக்க வேண்டாம்; 16–18 வயதுக்காரர்கள் விருப்பத்தோடு பழகிய வழக்குகளில் நீதிபதிக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2025 மே மாதம் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, குற்றவாளி என்று முடிவான ஆளுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. குடும்பம், சமூகம், சட்டம் மூன்றுமே அந்தப் பெண்ணைக் கைவிட்டுவிட்டன என்பதை ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது.

நடைமுறையில் யார் மேல் வழக்கு வேகமாக ஓடுகிறது? பையன் கீழ்ச்சாதி என்று கருதப்படுகிறவனாக இருந்தால் பெண் வீட்டார் அதே நாள் ராத்திரி ஸ்டேஷனில் நிற்பார்கள். சொந்த மாமன் என்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பார்கள். சட்டம் ஒன்றுதான், புகார் கொடுக்கிற கை வேறு வேறு.

கருவைக் கலைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 18-க்குக் கீழ் உள்ளவர்களும் வன்புணர்ச்சிக்கு ஆளானவர்களும் இதில் வருகிறார்கள். அதற்கும் மேல் போனால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

18 முடியாதவள் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அவளைப் பராமரிக்கிறவர் போதும். 18 முடிந்த பெண்ணுக்குக் கணவன் சம்மதம்கூடத் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: 2022 செப்டம்பர் 29-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்குட்பட்ட பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் காவல்துறைக்குத் தகவல் கொடுக்கும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. டாக்டருக்கே இது தெரியாமல் இருக்கலாம். நீங்கள் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தானாகப் போடாதீர்கள். மாத்திரை முறை 9 வாரம் வரைதான், அதுவும் டாக்டர் மேற்பார்வையில். மாதம் தெரியாமல் போட்டு, பாதி கலைந்து, இரத்தப்போக்கு நிற்காமல் 108-ல் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்யாணம் பண்ணி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தீராது. 18-க்குக் கீழ் என்றால் கல்யாணமே இரண்டாவது குற்றம். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பேசி முடித்தவர், நடத்தி வைத்தவர், மண்டபத்தில் நின்றவர் வரை இரண்டு ஆண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம் வரை போகலாம். பெண்ணைச் சீரழித்தவனுக்கே அவளைக் கட்டி வைப்பதும் இன்னும் நடக்கிறது. அவள் வாழ்நாள் முழுக்க அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா? அந்தப் பெண் 18 முடிந்து இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். பிறந்த குழந்தையின் உரிமைக்கு அதனால் எந்தக் குறையும் வராது.

முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை கிடைக்குமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் 19 வயது முடிந்திருக்க வேண்டும். சின்ன வயதுக் கல்யாணத்தைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை என்பது எனக்குப் புரிகிறது. 1920-களின் கடைசியில் சென்னைச் சட்ட மேலவையில் நின்று பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சொல்லிப் போராடியவர் பெயரில் இருக்கும் திட்டம். ஆனாலும் பணத்தை நிறுத்தியதால் யாரும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. வயதைக் கூட்டிச் சொல்வதைத்தான் பார்க்கிறேன். பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கிற அந்தப் பெட்டகம் யாருக்கு மிகவும் தேவையோ அந்தப் பதினேழு வயதுக்காரிக்கு அது இல்லை. பணத்துக்கு வயது வரம்பு இருக்கட்டும். சத்துணவுக்கு ஏன்?

பிரசவம், ஸ்கேன், இரத்தம், மருந்து எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் எந்த வயதுக்கும் இலவசம். அங்கன்வாடியில் சத்துமாவும் கேட்டு வாங்கலாம்.

திரும்பப் பள்ளிக்குப் போக முடியுமா?

முடியும். கல்யாணமாகிவிட்டது, பிள்ளை இருக்கிறது என்று டி.சி. கொடுத்து அனுப்ப எந்த விதியும் இல்லை. அனுப்பினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். பகலில் போக முடியாதவர்கள் பத்தாவதையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதலாம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பெண் படித்துவிடுவாள், இதை உறுதியாகச் சொல்வேன். எங்களுக்குத் தெரிந்து திரும்பிப் போனவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு அம்மாவோ அத்தையோ இருந்தார்கள்.

குழந்தையை வளர்க்க முடியாது என்றால்?

குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். பெயர் வெளியே வராது. மனம் மாறினால் 60 நாளுக்குள் திரும்பப் பெறலாம். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் இருக்கிறது. யாரிடமும் காசுக்கோ வாய்வார்த்தைக்கோ கொடுக்காதீர்கள்.

அரசுத் திட்டங்களில் எது உண்மையில் பலன் தருகிறது?

பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைக்கிற எதுவும். 1989-ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் கல்யாணத்துக்குப் பணமும், பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022-ல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். கல்யாணத்தை நோக்கி ஓடிய பணத்தைக் கல்லூரியை நோக்கித் திருப்பியது சரியான முடிவு. ஆனால் அந்த 1,000 ரூபாய் பிளஸ் டூ தாண்டியவர்களுக்குத்தான். எட்டாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு அது எட்டாது. அவளுக்கு வேண்டியது சாயங்கால பஸ், ஹாஸ்டல் சீட், வார்டனாக நம்பகமான ஒரு பெண். மகளிருக்கு இலவசப் பேருந்து என்பது பேருந்து ஓடுகிற ஊரில்தானே உதவும்?

இன்னொரு பக்கம், நூற்பாலைகள் வயதுப் பெண்களை மூன்று வருடம் வேலைக்கு வைத்துக் கடைசியில் கல்யாணத்துக்கென்று மொத்தப் பணம் தரும் முறையைச் சுமங்கலித் திட்டம் என்று அழைத்தார்கள். பள்ளியை விட்ட ஏழைப் பெண்ணுக்கு நம் சமூகம் வைத்திருந்த வழி அதுவாகத்தான் இருந்தது.

பள்ளியில் இதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

மாதவிலக்கு ஏன் வருகிறது, எப்போது நாள் தள்ளும், யார் எங்கே தொட்டால் தப்பு, யாரிடம் சொல்ல வேண்டும், இவ்வளவும் தெரிந்த பெண் சீக்கிரம் உதவி கேட்கிறாள். தெரியாதவள் ஆறாவது மாதம் வருகிறாள். பையன்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். மூட்டை தூக்கப் போகும் பதினெட்டு வயதுப் பையனுக்குப் போக்சோ என்ற வார்த்தையே கைதாகும் அன்றைக்குத்தான் தெரிய வருகிறது.

எனக்கு 16 வயது. நாள் தள்ளிப்போயிருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

உன்னை யாரும் திட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நீ தப்பான பெண் இல்லை.

மாதவிலக்கு வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வாரம் தாண்டிவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள், மருந்துக்கடையிலும் கிட் கிடைக்கும். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியை எழுதி வைத்துக்கொள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

யாராவது ஒரு பெரியவரிடம் சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் அத்தை, டீச்சர், ஊர் நர்ஸம்மா, யாராக இருந்தாலும் சரி. யாருமே இல்லை என்றால் 1098-க்குக் கூப்பிடு, காசு ஆகாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். 181 பெண்களுக்கான எண். 18 முடியாததால் தகவல் காவல்துறைக்குப் போகக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். போனாலும் உன் பெயரையும் படத்தையும் எங்கேயும் வெளியிடக் கூடாது. உன் வாக்குமூலத்தைச் சீருடை போடாத பெண் அதிகாரி, நீ இருக்கிற இடத்துக்கே வந்து எடுக்க வேண்டும், நீ நம்புகிற ஆள் பக்கத்தில் இருக்கலாம். ராத்திரி உன்னை ஸ்டேஷனில் வைக்க முடியாது.

யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால், அது அப்பாவோ மாமாவோ ஆனாலும், சொல்லிவிடு. உனக்கு வேறு பாதுகாப்பான இடம் தருவார்கள்.

வயிற்றுவலியோ இரத்தப்போக்கோ அதிகமாக இருந்தால் எதையும் யோசிக்காதே, 108-க்குக் கூப்பிடு. ஏற்கெனவே ஏதாவது மாத்திரையோ நாட்டு மருந்தோ சாப்பிட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் அதை மறைக்காமல் சொல், அதற்கேற்ற மாதிரிதான் அவர்கள் மருந்து கொடுக்க முடியும்.